மலையேறிய பத்தொன்பது பெயர்கள்

ஜுனிப்பர் ஃபோர்க்
2023 மார்ச் 6

தம்பி ஷாபிக்கு,

ஐந்து வருடம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்க அல்ல. நீ நலமாகத்தான் இருக்கிறாய், உன் கையெழுத்து நல்ல தெம்பாக இருக்கிறது. போன வியாழக்கிழமை உங்கள் ஆணையத்திலிருந்து வந்த நோட்டீஸின் அடியில் பார்த்தேன்.

நோட்டீஸ் என்ன சொல்கிறது என்று உனக்குத் தெரியும், நீதான் எழுதியிருக்கிறாய். இருந்தாலும் எனக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். அரசு உரிமத்தில் இலவசமாக நடக்கும் என் இணையப் பள்ளியில் எழுபத்தொரு பிள்ளைகள். ஒரு பிள்ளை தொடர்ந்து பத்துப் பள்ளி நாள் கணினியில் லாகின் செய்யாவிட்டால் பெயரை நீக்க வேண்டும். ஒரு வருடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெயர் நீங்கினால் உரிமம் புதுப்பிக்கப்படாது. நான் நீக்கியது பத்தொன்பது பெயர். ஆகவே மே 9 அன்று விசாரணை, ஜூன் 30 அன்று பள்ளிக்கு மூடுவிழா. சரிதானே, ஐயா?

அந்தப் பத்தொன்பது பேர் எங்கே போனார்கள் என்று கேட்க உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? மற்றவர்களை விடு. ஆட்டுக்காரன் மகன் நீ. ஏப்ரல் கடைசியில் மந்தை மலையேறும், அக்டோபரில் இறங்கும், ஒவ்வொரு தடவையும் மூன்று வாரம் ஆகும் என்று உனக்குத் தெரியாதா? அந்தப் பாதையிலும் மேலேயும் செல்போன் சிக்னல் கிடைக்க வேண்டுமானால் கழுகாகப் பிறந்திருக்க வேண்டும். குடும்பமே மந்தையோடு போகிறது. பிள்ளைகள் நோட்டிலே பாடம் எழுதுகிறார்கள். வாரம் ஒரு முறை முகாம் லாரி ரொட்டி, உப்பு, நாய்த்தீவனம் ஏற்றிக்கொண்டு மேலே போகும்போது, நான் திருத்திய நோட்டுகளும் போகும். இறங்கும்போது புதிய நோட்டுகள் வரும். உங்கள் விதிக்கு நோட்டு கண்ணில் தெரியாது, லாகின் மட்டும்தான் தெரியும். அதனால் பதினோராம் நாள் பெயரை நீக்கிவிட்டு, பெயரில்லாமலே பாடம் நடத்தினேன்.

எலிசால்டேயை ஞாபகம் இருக்கிறதா? கிளப்பில் சீட்டாடும்போது மேசையைக் குத்துவானே, அவன்தான். அவன் மகள் நெகானேவுக்குப் பதினாறு வயது, என் பள்ளியிலேயே கணக்கில் கெட்டி. அக்டோபரில் அவன் வந்து உட்கார்ந்து, "என்ன டீச்சர், இதுக்குப் போய் மண்டைய உடைச்சிக்கிறீங்க? பாஸ்வேர்ட என் பொண்டாட்டிகிட்ட குடுங்க, அவ இந்தத் தடவை மலைக்கு வரல. அடுப்படியில இருந்தே தினமும் ஒரு தட்டு தட்டி விட்ருவா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றான்.

"எனக்குத் தெரியும்ல" என்றேன். மறுநாள் நெகானேயின் பெயரை என் கையாலேயே அடித்து நீக்கினேன். அடித்துவிட்டு வண்டியில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பரிசுதான் உன் நோட்டீஸ். ஒன்பது வயதில் கிடா துரத்தியபோது கால்சட்டையை நனைத்துக்கொண்டு என் பின்னால் ஒளிந்தவன் நீ. இப்போது ஒரு மேசைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

மிரென்


தலைநகர்
2023 மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

மார்ச் 6 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. நிலுவையில் இருக்கும் வழக்கு பற்றி ஆணைய ஊழியருக்கு யார் எழுதினாலும், எந்த வடிவில் எழுதினாலும், அது பொதுக் கோப்பில் சேர்க்கப்பட வேண்டும் என்பது விதி. சேர்த்துவிட்டேன். பக்கம் 212 முதல் 215 வரை. ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட எனக்கு அதிகாரம் இல்லாததால் கிடா விஷயமும் உள்ளே இருக்கிறது.

நோட்டீஸில் கையெழுத்திட்டது என் பொறுப்பில் வரும் வேலை. ஆனால் உன் வழக்கில் பரிந்துரை எழுதுவதிலிருந்தும் விசாரணையிலிருந்தும் விலகிக்கொள்கிறேன் என்று அன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏழு உறுப்பினர்கள் முடிவு செய்வார்கள்.

பத்து நாள் விதியை நான் ஏன் எழுதினேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். நீ முன்பு வேலை பார்த்த அந்தப் பெரிய இணையப் பள்ளியின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நான் வீடு வீடாகப் போனேன். முந்நூற்று நாற்பது பெயர்களுக்கு ஆளே இல்லை. ஒரு வீட்டில் ஒரு அம்மா கதவைத் திறந்தாள். பையன் எங்கே என்று கேட்டேன். "அவன் போயி எட்டு மாசம் ஆச்சுங்க" என்றாள். அவன் பெயரில் அந்த வாரமும் தினசரி லாகின் இருந்தது. திரும்பி வந்து காரைக் கிளப்ப எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு எழுதிய விதி அது.

இனி வழக்கு பற்றி எனக்கு எழுதாதே. எழுதினால் அதையும் சேர்ப்பேன். இந்தக் கடிதத்தின் நகல் பக்கம் 216.

ஷாபியெர்


ஜுனிப்பர் ஃபோர்க்
2023 மார்ச் 20

அடேய்,

உன் கோப்பு இணையத்தில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சனிக்கிழமை நம் பாஸ்க் ஆட்டுக்காரர்கள் கிளப்பில் விருந்து. அறுபது பேர் நீள மேசையில் உட்கார்ந்திருக்கிறோம். முடிதிருத்தும் பீட் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கம் 215ஐ உரக்க வாசிக்கிறான். கிடா வந்ததும் கூட்டமே சாப்பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தது. அதுவரைக்கும் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு அவன் பக்கம் 214க்குப் போனான். பாஸ்வேர்ட், அடுப்படி, ஒரு தட்டு. எலிசால்டே முகம் செத்துப்போயிற்று. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான். "ஏன் டீச்சர், உங்க வீட்டுச் சண்டைல என்னைத் திருடனாக்கிட்டீங்களே. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். செஞ்சேனா?" என்றான். அவன் போய்விட்டான். அவனோடு இன்னும் நான்கு குடும்பங்கள் எழுந்து போயின. விசாரணையில் எனக்காகப் பேச வருவதாகச் சொல்லியிருந்தவர்கள் அவர்கள்தான். நான் கோபத்தில் எழுதினேன், நீ ஒழுங்காகக் கோப்பில் வைத்தாய், இரண்டு பேருமாகச் சேர்ந்து அவன் மானத்தை வாங்கிவிட்டோம்.

செத்துப்போன பிள்ளையைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அது எனக்குத் தெரியாது. அந்த விதி வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, அதுவும் உனக்குத் தெரியாது. விதி வேண்டும். ஆனால் அது மலையையும் பார்க்க வேண்டும்.

இதையும் சேர்த்துக்கொள். இப்போது எழுதப்போவதையும் சேர்த்துக்கொள், எனக்கு வெட்கமில்லை. ஐந்து வருடத்துக்கு முன் அந்தப் பள்ளியை மூட வந்தபோது, ஆசிரியர் அறையில் பதினெட்டுப் பேர் முன்னால் நீ என்னைக் கேட்டாய்: "இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா, மேடம்?" மேடம்! ஊருக்கு முன்னால், கையில் பேனாவோடு. வேலை போனது எனக்குப் பெரிதில்லை. நான் பொய்க் கணக்கு எழுதுவேனா என்ற சந்தேகம் என் தம்பிக்கே வந்ததுதான் வலித்தது. அந்த வலியில்தான் இந்தச் சின்னப் பள்ளியையே தொடங்கினேன். ஒரு பெயர்கூடப் பொய்யாக இருக்கக் கூடாது என்று தொடங்கினேன். அதைத்தான் இப்போது மூடப் பார்க்கிறீர்கள்.

மிரென்


தலைநகர்
2023 ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பக்கம் 231 முதல் 233.

எலிசால்டே விஷயம் எனக்கு வருத்தம். அவர் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். அவர் கேட்டார், நீ மறுத்தாய், அவர் செய்யவில்லை. கோப்பில் இருப்பது இவ்வளவுதான். அதில் அவர் திருடன் என்று எந்த வரியும் இல்லை. இதை அவரிடம் நீ சொல்லலாம், ஏனென்றால் இது யாரும் படிக்கக்கூடிய கோப்பு.

வழக்கு பற்றி நான் பேசக் கூடாது. ஆனால் எல்லாப் பள்ளிகளுக்கும் போகும் நோட்டீஸின் மூன்றாம் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைத் திருப்பிச் சொல்வதில் தவறில்லை. ஏப்ரல் 25 வரை யாரும் ஆவணம் கொடுக்கலாம். பள்ளிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர், தன் வேலையின் போக்கில், தேதி போட்டு எழுதிவந்த பதிவுக்குத் தனி மதிப்பு உண்டு. உன் கடிதங்களைப் பார்த்தால் நீ மூன்றாம் பக்கம் படிக்கவில்லை என்று தெரிகிறது. சின்ன வயதிலிருந்தே நீ எதிலும் இரண்டாம் பக்கத்தோடு நிறுத்திவிடுவாய்.

ஆசிரியர் அறையைப் பற்றி எழுதியிருந்தாய். நான்கு தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். இன்னும் சரியாக வரவில்லை.

இந்தக் கடிதம் பக்கம் 234.

ஷாபியெர்


ஜுனிப்பர் ஃபோர்க்
2023 ஏப்ரல் 24

தம்பிக்கு,

மூன்றாம் பக்கம் படித்துவிட்டேன். எழுத்து எறும்பு அளவில் இருக்கிறது. அதையும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்.

படித்ததும் நேரே முகாம் லாரி ஓட்டும் யூசெபியோவைத் தேடிப் போனேன். பெருவிலிருந்து வந்தவர், ஏழு வருடமாக அந்த லாரி அவர் கையில். லாரிக்குள் ஒரு தடித்த புத்தகம் வைத்திருக்கிறார். மலைக்குப் போன ஒவ்வொரு பொருளையும் அதில் எழுதுவார் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏதோ உப்பு, மாவு என்று நினைத்திருந்தேன். நோட்டுகளையும் எழுதினாரா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

"என்ன டீச்சரம்மா இப்படிக் கேட்டுட்டீங்க?" என்று சிரித்தார். "நாய்க்குப் போற எலும்பையே எழுதுறேன். புள்ளைங்க நோட்ட எழுதாம விடுவேனா?"

புத்தகத்தைத் திறந்தார். ஷாபி, இதைக் கேள். "அக்டோபர் 11. மாவு நாலு மூட்டை. உப்புக்கட்டி பன்னிரண்டு. எலிசால்டே முகாம், நோட்டு மூணு மேலே. நோட்டு மூணு கீழே. மழை." நான்கு வருடம், லாரி போன ஒரு வாரம்கூட விடாமல். எந்த முகாம், எத்தனை நோட்டு, மேலேயா கீழேயா, எல்லாம் இருக்கிறது. ஒரு இடத்தில் "நெகானே நோட்டில் காபி கொட்டியது, என் தவறு" என்றுகூட எழுதியிருக்கிறார்.

பத்தொன்பது பிள்ளைகளின் நோட்டுகளையும் எடுத்து, என் திருத்தத் தேதிகளை அவர் புத்தகத்தோடு இரண்டு நாள் ஒத்துப் பார்த்தேன். மூன்று இடத்தில் ஒத்துவரவில்லை. அந்த மூன்றையும் தனித்தாளில் எழுதி, ஒத்துவரவில்லை என்று சொல்லியே கொடுத்திருக்கிறேன். இன்று காலை தபாலில் போடாமல் ஆள் மூலமே அனுப்பினேன்.

எலிசால்டே வீட்டுக்கும் போனேன். நீ சொன்னதைச் சொன்னேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறான், உள்ளே கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினான். அவன் விசாரணைக்கு வருவான் என்று நான் நம்பவில்லை.

மிரென்


ஜுனிப்பர் ஃபோர்க்
2023 மே 11

ஷாபி! ஷாபி!

ஆறுக்கு ஒன்று! உரிமம் இன்னும் ஐந்து வருடத்துக்கு!

நீ வேண்டுமென்றே அன்றைக்குத் தெற்கு மாவட்டத்துக்கு ஆய்வுக்குப் போய்விட்டாய் என்று உன் அலுவலகப் பெண் சொன்னாள். பரவாயில்லை. எதுவும் விடாமல் சொல்கிறேன், வழக்கு முடிந்துவிட்டது, இனி நீ கோப்பில் சேர்க்க வேண்டியதில்லை.

காலையில் அரங்கில் நானும் யூசெபியோவும் மட்டும் இருந்தோம். உங்கள் ஆள் எழுந்து எண்களை வாசித்தார். எழுபத்தொன்றில் பத்தொன்பது, விதிப்படி புதுப்பிக்க முடியாது என்று முடித்துவிட்டார். அவர் வாதத்தில் ஒரு பிசிறு இல்லை.

அப்போது பின்கதவு திறந்தது. எலிசால்டே! ஞாயிறு உடையில், தலை வாரிக்கொண்டு. அவனுக்குப் பின்னால் நெகானே, மலையிலிருந்து நேராக வந்த கோலத்தில், பூட்ஸ் முழுக்கச் சேறு. அந்த நான்கு குடும்பங்களும் அவர்கள் பின்னால் வந்தார்கள். மந்தையை யார் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

எலிசால்டே யாரும் கூப்பிடாமலே மைக் முன்னால் போய் நின்றான். "இருநூத்திப் பதினாலாம் பக்கத்துல இருக்கிற ஆளு நான்தாங்க. பாஸ்வேர்ட் கேட்டது நான்தான். ஊரே சிரிக்குது, சிரிக்கட்டும். நான் கேட்டேன், இவங்க குடுக்கல. என் பொண்ணு பேரையே அடிச்சாங்க. அன்னிக்கு இவங்கள மனசுக்குள்ள என்னென்னமோ திட்டினேன். இன்னிக்குச் சொல்றேன், இவங்ககிட்டதான் என் பொண்ணு படிக்கணும்."

ஆணையத் தலைவி ஹால்வர்சன் அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கடிதத்தை எடுத்தார். முழுக்க வாசித்தார். கிடாவையும் வாசித்தார், மன்னித்துக்கொள், ஆணையமே சிரித்தது. பிறகு யூசெபியோவின் புத்தகத்தை அரை மணி நேரம் புரட்டினார். ஒத்துவராத மூன்று இடங்களின் தாளைத் தூக்கிக் காட்டி, "இதை யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

"எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே. ஏன் குடுத்தீங்க?"

"அது உண்மைங்கிறதால" என்றேன்.

கடைசியில் நெகானேயைக் கூப்பிட்டார். "உன் பேர நீக்கினதுக்கப்புறமும் எதுக்கும்மா நோட்டு அனுப்பின? நீதான் பள்ளிக்கூடத்துலயே இல்லையே?"

அந்தப் பெண், "பாடம் பாதியில நின்னுச்சு மேடம். அது எப்படி விட முடியும்?" என்றாள்.

ஹால்வர்சன் அம்மாள் உங்கள் ஆளைப் பார்த்துத் திரும்பினார். "பொய் சொல்ல நெனச்சிருந்தா இந்தப் பள்ளியில ஒரு பேர்கூட நீங்கியிருக்காது. பத்தொன்பது தட்டு தட்டியிருந்தா நாம இன்னிக்கு இங்க உக்காந்தே இருக்க மாட்டோம். இந்தப் பத்தொன்பது பேர் நீங்கினதுதான் இவங்க நேர்மைக்கு அத்தாட்சி. இதுக்காகவா மூடணும்?"

வாக்கெடுப்பு. ஆறு கை உயர்ந்தது. பத்தொன்பது பெயரையும் உடனே பட்டியலில் சேர்க்க வேண்டும், விதியைத் திருத்த வேண்டும் என்று தீர்மானம். எலிசால்டே மேசையைக் குத்தினான் பார், சீட்டாட்டத்தில்கூட அப்படிக் குத்தியதில்லை. யூசெபியோ தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை, இன்னும் தொண்டை கட்டியிருக்கிறது.

ஜெயித்துவிட்டோம் தம்பி!

அக்கா


தலைநகர்
2023 மே 19

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்துக்குப் பக்க எண் இல்லை.

தீர்மானம் வந்த அன்று தெற்கு மாவட்டத்தில் ஒரு பள்ளியின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். போனில் செய்தி பார்த்தேன். வெளியே போய்க் காரைச் சுற்றி மூன்று தடவை நடந்தேன். என்னோடு வந்தவன், "சார், உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டான். "எங்கக்கா ஜெயிச்சிட்டாடா" என்றேன். எனக்கு அக்கா இருப்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியும்.

விதித் திருத்தத்தை எழுதும் வேலையை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். எழுதிவிட்டேன். மந்தையோடு போகும் நாட்களில், பள்ளிக்கு வெளியாள் ஒருவர் தேதியிட்டுப் பதிவு செய்த எழுத்துவேலை வருகையாகக் கொள்ளப்படும். ஒவ்வொரு பருவமும் ஆணையத்திலிருந்து ஒருவர் நேரில் மலைக்குப் போய் ஒத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது வரியைப் பார்த்து முகம் சுளிக்காதே. அந்த அம்மா கதவைத் திறந்ததை என்னால் மறக்க முடியாது.

இப்போது ஆசிரியர் அறை. பதினெட்டுப் பேரிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது. உன்னை விட்டுவிட்டால் அக்காவுக்குச் சலுகை என்பார்கள். இவ்வளவு காலம் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மை. ஆனால் அதோடு இன்னொன்றும் உண்டு. அந்த நிமிடம் எனக்குச் சந்தேகம் இருந்தது. பட்டியலில் உன் வகுப்பிலும் ஆளில்லாத பெயர்கள் இருந்தன. உன் முகத்தைப் பார்த்த உடனே சந்தேகம் போய்விட்டது. போனது என்று உன்னிடம் சொல்ல அன்று மாலையே உன் வீட்டுக்கு வந்திருக்கலாம். தெருமுனை வரை வந்தேன். உன் சமையலறை விளக்கு எரிந்தது. திரும்பிவிட்டேன். கிடாவுக்குப் பயந்ததைவிட அன்று உனக்கு அதிகமாகப் பயந்தேன்.

தப்பு என்னுடையது, அக்கா. மன்னித்துவிடு.

முதல் மலை ஆய்வுக்கு வேறு யாரையும் அனுப்பலாம் என்றார்கள். சம்பந்தப்பட்டவன் என்பதால் நான் அதிகாரியாக வர முடியாது. எனவே அதிகாரியாக இல்லாமல், அவர்கள் போய்வந்த பிறகு, வெறும் ஆளாக வரலாமா என்று கேட்கிறேன்.

ஷாபி


ஜுனிப்பர் ஃபோர்க்
2023 ஜூன் 2

தம்பி ஷாபிக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையிலேயே உட்கார்ந்து படித்தேன். தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போன மடையனே, அன்று நான் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வருவாய் என்றுதான் விளக்கே போட்டிருந்தேன்.

உன் ஆணையத்து ஆள் செவ்வாய்க்கிழமை வந்தாள். நல்ல பெண், நகரத்துச் செருப்பு. யூசெபியோ லாரியில் ஏற்றிக்கொண்டு மேலே போனார். பன்னிரண்டு முகாமிலும் நோட்டைப் புரட்டினாள், பிள்ளைகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள். மூன்றாவது முகாமில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாளாம். சாப்பாடு கொடுத்தால் வாங்க மாட்டேன், விதி என்றிருக்கிறாள். உன் மாணவிதான், சந்தேகமே இல்லை. ஒரு நோட்டில் தேதி விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டு போனாள். எனக்குக் கோபமே வரவில்லை. கண்டுபிடித்தாளே என்று சந்தோஷமாக இருந்தது.

இன்று காலை லாரி இறங்கியது. புத்தகத்தை என் மேசையில் வைத்துக்கொண்டு, கணினியைத் திறந்து வருகை எடுத்தேன். வீட்டிலிருந்து படிப்பவர்கள் ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள். மலையில் இருக்கும் பத்தொன்பது பேருக்கும் நோட்டைத் தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்து நானே அவர்கள் பெயரை உரக்கச் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் கணினியில் இருந்த பிள்ளைகள் ஐம்பத்திரண்டு பேரும் சேர்ந்து, "வந்தாச்சு டீச்சர்!" என்று கூவினார்கள். நெகானே பெயருக்குக் கூவிய கூச்சலில் என் நாய் எழுந்து குரைத்தது.

எழுபத்தொரு பெயர். எல்லோரும் வந்துவிட்டார்கள். நீ ஒருவன்தான் இன்னும் வரவில்லை.

அக்கா